அம்சத்தை நகரவிடாத வார்த்தைகள்

எந்த மகராசன் இந்தப் புத்தகத்தை எழுதினானோ, அவன் கையில் நாற்றுமுடியைக் கொடுத்து ஒரு நாள் முழுக்கச் சேற்றில் குனிய வைக்க வேண்டும் என்று அம்சம் பொருமினாள். பக்கத்துக்கு நாலு வார்த்தை வாயில் நுழையவில்லை. நுழைந்தாலும் அர்த்தம் தெரியவில்லை.

நீடாமங்கலத்துப் பக்கம் நடவுக்கும் அறுப்புக்கும் போய்க்கொண்டிருந்த அம்சம், நாற்பது வயதுக்கு மேல் விவசாயத் தொழிலாளர் சங்கத்தார் நடத்திய பள்ளியில் எழுத்துக்கூட்டக் கற்றவள். தெருப் பெண்களில் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அதனாலேயே அந்த எழுபத்திரண்டாம் வருஷத்துக் கூலிப் பேச்சுக்கு அவளும் போக வேண்டும் என்று சங்கத்தில் முடிவாயிற்று. போன வருஷம் மிராசுதாரின் காரியக்காரர் செல்லதுரை ஒப்பந்தத்தை மடமடவென்று வாசித்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். களத்தில் அளந்தபோது கூலி நெல் குறைந்தது. கேட்டால், "ஒப்பந்தத்துலயே இருக்கே" என்று கையை விரித்தார். இந்த முறையும் ஏமாந்தால் பழி அம்சத்தின் தலையில்தான் விழும். அந்தப் பயத்தில் வாசித்துப் பழகக் கிளம்பினாள்.

படிப்பகத்துப் பத்திரிகைகள் ஆண்கள் மடியைவிட்டு இறங்குவதில்லை. மிச்சம் கிடந்தது ஒரு தடிமனான மாயாஜாலக் கதை. பூதம், குகை, மலை மலையாகத் தாண்டும் ராஜகுமாரன். கூலிப் பேச்சுக்கும் ராஜகுமாரனுக்கும் என்ன சம்பந்தம்?

தனியாகப் படிக்கவாவது விட்டார்களா! விளக்கு வைத்ததும் பெண்கள் கதை கேட்கச் சூழ்ந்துகொண்டார்கள். "பூதம் அந்தர்த்தானமாயிற்று" என்று வாசித்தால் போதும், பக்கத்து வீட்டு ராஜாத்தி கையை நீட்டி மறிப்பாள்.

"நில்லுக்கா. அப்படின்னா?"

"என்னமோ ஆயிடுச்சு. விடுடி, மேல கதை கெடக்கு."

"தெரியாம எப்படி மேல போறது?"

ஒரு நாள் வெறுத்துப்போய், புரியாததையெல்லாம் தாண்டித் தாண்டி வாசித்தாள். இரண்டு பக்கம் ஓடியிருக்காது, அவளுடைய மூத்த நாத்தனார் காளியம்மாள் எழுந்துவிட்டாள்.

"ஏண்டி அம்சம், நீயும் காரியக்காரர் மாதிரியே படிக்கிற?"

சுருக்கென்றது. அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. யாருக்காக இத்தனை பாடு!

மறுநாள் நீடாமங்கலம் கடைத்தெருவில் மளிகைக்கடை அப்துல் வஹாபிடம் போய் நின்றாள். அவர் பழைய கதைப் புத்தகங்களில் ஊறியவர்.

"அந்தர்த்தானம்னா என்னங்க பாய்?"

"ஏம்மா, வெல்லம் வாங்க வந்தியா, அர்த்தம் வாங்க வந்தியா? கூட்டத்தைப் பாரு!" திட்டிக்கொண்டே பொட்டலம் மடித்தார். "கண்ணு முன்னாடி நின்னது காணாமப் போறது."

சாயங்காலம் அதைச் சொன்னதும் ராஜாத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். "நம்ம கூலி நெல்லுன்னு சொல்லுக்கா!"

பிறகு மூர்ச்சை, சம்ஹாரம், ஆலிங்கனம் என்று வரிசையாக வந்தன. கடைசி வார்த்தைக்கு அர்த்தம் கேட்டபோது பாய் அவளைக் கடையைவிட்டே விரட்டினார். இப்படி நின்று நின்று போனதில் ராஜகுமாரன் குகைக்குள் நுழையும் முன்பே அறுவடை வந்துவிட்டது. பாதிப் புத்தகம்கூடத் தாண்டவில்லை. அம்சம் தலையில் அடித்துக்கொண்டாள்.

தாலுகா ஆபீசில் பேச்சு நடந்தது. தாசில்தார் நடுவில், ஒரு பக்கம் செல்லதுரை, மறுபக்கம் சங்கத்தார். பெண்கள் வராந்தா முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். ஒப்பந்தத் தாள் அம்சத்தின் கைக்கு வந்தது. எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள்.

"மகசூலுக்கு விகிதா... விகிதாசாரமாக..."

நாக்கு புரளவில்லை. இத்தனை பெரிய மனிதர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே என்று சட்டென அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.

"நில்லுக்கா," என்றாள் வராந்தாவிலிருந்து ராஜாத்தி. "அப்படின்னா?"

அம்சத்துக்கு வந்ததே எரிச்சல்! இங்கேயுமா?

"அதெல்லாம் சட்ட வார்த்தைம்மா, மேல படி," என்றார் செல்லதுரை அவசரமாக.

"தெரியாம மேல போறதில்லைங்க," என்றாள் காளியம்மாள். ஒருத்தியும் அசையவில்லை.

தாசில்தார் கடிகாரத்தைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார். "கண்டுமுதல், அதான் வெளைச்சல், குறைஞ்சா, அந்த அளவுக்குக் கூலியும் குறையும்னு அர்த்தம். போதுமா?" என்று சலித்துக்கொண்டார்.

அம்சம் தாளை மேசையில் வைத்துவிட்டுச் செல்லதுரையின் பக்கம் திரும்பினாள்.

"போன வருசம் இத வாசிச்சீங்களா, தாண்டிட்டீங்களா?"

அவர் தாசில்தாரைப் பார்த்தார்.

"அந்த வரிய அடிங்க சார்," என்றாள் அம்சம் தாசில்தாரிடம். "அடிச்ச பொறவு மேல படிக்கிறேன்."