செல்வராணிக்கு இல்லாத நொதி

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் காய்கறிப் பையோடு நின்றபோது கலாவின் போன் வந்தது. "அக்கா போயிட்டாங்க டீச்சர்." ஆண்டிமடம் பள்ளியில் என்னோடு பணியாற்றிய உயிரியல் ஆசிரியை செல்வராணிதான் அந்த அக்கா. பையோடு அப்படியே ஆண்டிமடம் பஸ் ஏறினேன்.

பள்ளியில் சேர்ந்த புதிதில் அவர் எழுதப் போனால் சாக்பீஸ் தெறித்து விழும். சும்மா இருக்கும் கை, எதையாவது எடுக்கப் போனால் துள்ளும். "பயந்த சுபாவம்" என்றார் தலைமை ஆசிரியர். வீட்டில் செட்டிகுளம் முருகனுக்கு வேண்டிக்கொண்டார்கள். பார்வை மங்கியபின்தான் திருச்சி கண் மருத்துவர் விழித்திரையில் செம்புள்ளியைக் கண்டார். ரத்தப் பரிசோதனையில் நோய் தெரிந்தது.

எனக்கு அவரே விளக்கினார். "ஒடம்புல சர்க்கரை ஒட்டுன பொருளு நெறைய இருக்குக்கா. அதோட நுனியில இருக்கிற சியாலிக் அமிலத்தை வெட்டி எடுத்தாத்தான் மிச்சம் கரையும். வெட்டுற நொதி எனக்கு வேலை செய்யல. ஒடைக்க ஆளில்லாம முந்திரிக்கொட்டை மூட்டை மூட்டையா வூட்டுக்குள்ள கெடந்தா எப்புடி நடமாடுறது?" சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவருடைய பெற்றோர் அத்தை மகனும் மாமன் மகளும். இருவரிடமும் மறைந்திருந்த பழுது இவரிடம் ஒன்றுசேர்ந்துவிட்டது. தனக்கு மருந்தில்லை என்பதை ஏற்றுக்கொண்டவர், தங்கை கலாவைத் தாய்மாமனுக்குக் கொடுப்பதை மட்டும் ஏற்கவில்லை. "ரெண்டு பேருக்கும் ரத்தமாவது பாத்துட்டுக் கட்டுங்கம்மா" என்று கெஞ்சினார். அம்மா திருப்பிக் கேட்டார்.

"உன் சீக்கு தெரிஞ்சப்புறம் வெளியில எவன்டி இவளைக் கட்டுவான்? என் தம்பிதான் சரின்னான். அவன்கிட்ட போயி ரத்தம் குடுன்னு கேக்கச் சொல்றியா?"

கல்யாணம் நடந்தது. கலாவுக்கு மகள் பிறந்தாள். அவள் நடக்கத் தொடங்கியதிலிருந்து செல்வராணி அடிக்கடி அவளிடம் தண்ணீர் கேட்பார். தாகத்துக்கு அல்ல, அந்தக் கையைப் பார்ப்பதற்கு. கண் முழுதும் போனபின் என்னிடம் கேட்பார்.

"சிந்துச்சாக்கா?"

"இல்லம்மா."

"அது போதும்."

நேற்று வாய்க்கரிசி போட அந்தப் பெண்ணை அழைத்தார்கள். பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். அரிசியை எடுத்துக் குனிந்தாள். கை துள்ளியது. அரிசி முழுவதும் பெரியம்மாவின் கழுத்திலும் மாலையிலும் சிதறியது.

"பயந்துட்டா டீச்சர்" என்றாள் கலா, என் முகத்தைப் பார்க்காமல்.

போய் வாருங்கள், செல்வராணி. இனி என்னிடம் கேட்க நீங்கள் இல்லை. இருந்தால் நான் பொய்தான் சொல்லியிருப்பேன்.