பதினேழாம் வீட்டின் அங்கத்தவர் எண்ணிக்கை

சமூகவியல் முதுமாணி மாணவர்களுக்கு அளவுசார் ஆய்வுமுறை கற்பிக்கிறேன். மனித வாழ்வை ஒன்று முதல் ஐந்து வரையான எண்களுக்குள் அடைத்து, அடங்காததற்குப் பிழை என்று பெயரிடுவதற்கு இரண்டு ஆண்டுப் பயிற்சி. முடிவில் பட்டமும் உண்டு.

மன்னாரில் நடக்கும் வார இறுதி வகுப்பில், ஒவ்வொருவரும் தமக்கு அறிமுகமான வீடுகளில் வினாக்கொத்தை நிரப்பிப் பழக வேண்டும். நறுவிலிக்குளம் என்ற ஊரில் நிரப்பிய தாள்களில் எல்லோரும் எல்லாவற்றிலும் 'மிகவும் திருப்தி'. வற்றிய குளத்துக்கும் ஐந்து. சொர்க்கத்தில்கூட இவ்வளவு ஒருமித்த கருத்து இராது.

"தேத்தண்ணி குடுத்து இருத்தின ஆளிட்ட ஆர் சேர் குறை சொல்லுவினம்?" என்றார் என் மாணவர்களில் ஒருவரான, நானாட்டானில் படிப்பிக்கும் பள்ளி ஆசிரியர்.

என் வீட்டுக்கு வினாக்கொத்தோடு வந்தவர் அதே வகுப்பில் படிக்கும், கொண்டச்சியைச் சேர்ந்த பெண் உத்தியோகத்தர். நான்கு மாதங்களுக்கு முன் என் மனைவியின் இறுதிச் சடங்குக்கும் வந்திருந்தார். நான் போட்ட மோசமான தேநீரை முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார்.

"ரெண்டு" என்றேன்.

பேனை நின்றது.

"எழுதுங்கோ பிள்ளை. பதில் சொல்லுறவரோட வாதாடக் கூடாது எண்டு படிப்பிச்சனான்."

எழுதினார். அடுத்த பக்கத்தில் ஒவ்வொருவரின் வயது. என்னுடையதைச் சொன்னேன். இரண்டாவதை அவர் கேட்கவில்லை.

மறு சனிக்கிழமை, தரவுகளைச் சரிபார்க்கும் வகுப்பு. பதினேழாம் வீட்டைக் கணினி சிவப்பாகக் காட்டியது: அங்கத்தவர் இரண்டு, வயது ஒன்று. தாள்களில் வீட்டாரின் பெயரில்லை, வீடு யாருடையது என்று எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

"எண்ணப் போனவ நித்திரையாக்கும்" என்றார் நானாட்டான் ஆசிரியர். வகுப்பு சிரித்தது.

"என்ர பிழைதான் சேர்" என்றார் கொண்டச்சிப் பெண், தலை நிமிராமல். "திரும்பப் போய்க் கேட்டுக்கொண்டு வாறன்."

விதியும் அதுதான். இன்னொரு வழியும் உண்டு: விடுபட்ட வயதுக்கு ஊரின் சராசரியை இடலாம். அம்முறைக்காகப் பரிந்து கட்டுரையே எழுதியிருக்கிறேன். அதன்படி என் மனைவிக்கு முப்பத்தெட்டு வயது. அவள் ஆட்சேபித்திருக்க மாட்டாள். வீட்டிலும் இருவராகவே இருந்திருப்போம்.

"போகத் தேவையில்லை" என்றேன். "ஒண்டு எண்டு மாத்துங்கோ."

"ஆரைக் கேட்டு, சேர்?" என்றார் ஆசிரியர். நான் பழக்கிய கண்டிப்பு.

"வீட்டுக்காரரைத்தான்."

ஆசிரியர் தன் தாளுக்குள் குனிந்துகொண்டார். கொண்டச்சிப் பெண் மாற்றினார், சிவப்பு மறைந்தது. பதினெட்டாம் வீட்டில் தகப்பன் மகனைவிட மூன்று வயது இளையவராக இருந்தார். அதற்குச் சிரிக்க வகுப்புக்குச் சற்று நேரம் பிடித்தது.