மரப்பிடித் துவக்கு

அத்தானின் துவக்கை நினைத்தால் எனக்கு முதலில் எண்ணெய் மணம்தான் வருகிறது. பாரிஸின் லாச்சப்பலில் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பழைய துவாய் ஒன்றை விரித்து, அதன் மேல் துவக்கைக் கிடத்தி, ஞாயிறு மத்தியானங்களில் ஆறுதலாகத் துடைத்துக்கொண்டிருப்பார். அடுப்படியில் அக்கா கணவாய் பொரிப்பாள். நான் புறநகரிலிருக்கும் பியர்ஃபித்திலிருந்து சாப்பாட்டுக்கு வந்து, இரண்டு மணமும் கலந்த அந்த அறையில் உட்கார்ந்திருப்பேன். பார்த்தால் பயம் வருகிற துவக்கு அல்ல அது. குழலையும் விசையையும் தவிர மிச்சம் எல்லாம் பழுப்பு மரம். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த அதே கட்டை, கன்னம் படுகிற இடத்தில் மட்டும் பளபளத்துப் போயிருந்தது. “உது துவக்கே? கதிரைக் கால்” என்று அக்கா பகிடி பண்ணுவாள். அந்தப் பகிடியோடுதான் அவள் அதை வீட்டுக்குள் விட்டிருந்தாள்.

ஊரில் வெடிச் சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்கு ஓடிய மனிதர் அத்தான். அப்படிப்பட்டவர் பாரிஸுக்கு வந்து துவக்குப் பிடித்தார் என்றால் எங்கள் சனம் சிரிக்கும். அவர் சமைத்த ரெஸ்டோரண்டின் முதலாளி ஒரு லீவு நாளில் தன்னுடைய சுடும் கழகத்துக்கு அவரைக் கூட்டிப் போனார். தூரத்தில் ஒரு கடதாசி, அதன் நடுவில் கறுப்பு வட்டம், கையில் மெல்லிய தோட்டா. அடி விளிம்பில் ஊசி தட்டினால் வெடிக்கிற, சுண்டுவிரலின் நுனிக் கணு அளவான தோட்டா அது. தகரத்தில் கல்லெறிந்த அளவுதான் சத்தம். “மூச்சை விட்டு, பாதியிலை நிப்பாட்டி, விரலை அமத்திற நேரம் இருக்கெல்லே, அப்ப தலைக்குள்ளை ஒண்டும் இல்லைப் பிள்ளை. பெரிய நிம்மதி” என்று எனக்குச் சொல்லியிருக்கிறார். கழகத்தில் முறையாகச் சேர்ந்து, வீட்டில் பூட்டுப் போட்ட இரும்பு அலுமாரி வைத்து, பிறகுதான் சொந்தமாக ஒன்று வாங்கினார்.

அக்கா அதற்குச் சம்மதித்ததே எனக்கு ஆச்சரியம். எங்கள் அண்ணை சோதனைச்சாவடியில் பிடிபட்டபோது கூட இருந்தவள் அவள். சைக்கிளில் அண்ணை மிதிக்க, அவள் பின்னால் இருந்து போயிருக்கிறாள். இரண்டு பேரும் அடையாள அட்டையை நீட்டினார்கள். சீருடை போட்டவன் வாயால் ஒன்றும் சொல்லவில்லையாம். கீழே கைப்பிடி நீட்டிக்கொண்டிருந்த கறுப்புத் துவக்கின் முனையால் அவளைப் போ என்றும் அண்ணையை நில் என்றும் காட்டினானாம். சைக்கிளை உருட்டிக்கொண்டு அவள் தனியாக வீட்டுக்கு வந்தாள். அண்ணை வரவேயில்லை. அக்கா இதை எங்களுக்கு ஒரே ஒரு தரம் சொன்னாள், அதன் பிறகு சொல்லவில்லை.

அத்தான் ரெஸ்டோரண்டின் நிலவறைப் படியில் உருளைக்கிழங்கு மூட்டையோடு விழுந்தது ஒரு மாரிக்காலத்தில். கழுத்தில் சத்திரசிகிச்சை செய்து தகடு வைத்தார்கள். நடந்தார், சாப்பிட்டார், ஆனால் தலையைச் சரிக்கவும் குனியவும் முடியவில்லை. குசினி வேலைக்கு இனி ஏலாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். மிஞ்சியது கழகம் மட்டும்தான். அதற்கும் போய்ப் பார்த்தார். மரக்கட்டையில் கன்னத்தைப் பதித்தால்தான் குறிகாட்டி வழியாகக் கண் போகும். கன்னத்தைப் பதிக்கக் கழுத்து விடவில்லை. பஞ்சு மெத்தைத் துண்டு வெட்டிக் கட்டையில் வைத்து, பண்டேஜ் சுற்றி உயர்த்திப் பார்த்தார். தலை நிமிர்ந்தது, ஆனால் தோளும் மணிக்கட்டும் வலித்தன. ஒரு கடதாசியை முடிக்க முதலே கைகள் நடுங்கின.

துவக்குக் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அவருடைய பிரெஞ்சு குசினிக்குப் போதும், கழுத்தைப் பற்றி விளங்கப்படுத்த நான் வேண்டும். கடைக்காரர் பொறுமையான ஆள். கட்டையைக் கழற்றிவிட்டு, குழலையும் பொறியையும் அப்படியே தூக்கி ஓர் அலுமினியச் சட்டத்துக்குள் வைக்கலாம் என்றார். கன்னம் வைக்கிற பலகை மேலே ஏறும், தோளில் முட்டுகிற தட்டு முன்னுக்குப் பின்னுக்குப் போகும், பிடி நேராகக் கீழே இறங்கும், மணிக்கட்டு வளையாது. மரத்திலும் அப்படி ஏறி இறங்குகிற கட்டைகள் உண்டா என்று நான் கேட்டேன். உண்டு, ஆனால் இந்தப் பழைய துவக்குக்குப் பொருந்துவது இது ஒன்றுதான் என்று ஒரு சட்டத்தை எடுத்து வைத்தார். அத்தான் அதைத் தோளில் வைத்துப் பார்த்தார். தலை நிமிர்ந்தபடியே கன்னம் போய்ப் படிந்தது. அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். சட்டத்தையும் பார்த்தேன். கறுப்பு, துளைகள், கீழே நீட்டிக்கொண்டிருந்த கைப்பிடி. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே ஆள் நினைவுக்கு வந்தாள்.

“கொக்காவிட்டை நீர்தான் சொல்லவேணும்” என்றார் மெத்ரோவில்.

நான் சொன்னேன். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். “அந்த மனிசன் பகல் முழுக்க யன்னலைப் பாத்துக்கொண்டு இருக்குது. வாங்கட்டும். பூட்டி வைச்சால் சரி, என்ரை கண்ணிலை படாட்டில் சரி” என்றாள். நான் மரப்பிடியே போதும் என்று சொல்லவும் முடியாமல், இதுதான் சரி என்று சொல்லவும் முடியாமல், அவளோடு சேர்ந்து வெங்காயம் உரித்தேன்.

சட்டம் மாற்றிய பிறகு அத்தான் பழையபடி சுட்டார். கறுப்பு வட்டத்துக்குள் ஓட்டைகள் நெருங்கி விழுந்த கடதாசியை ரெலிபோனில் படமெடுத்து அனுப்புவார். எனக்கு அதில் ஒன்றும் விளங்காது, ஆனாலும் பதிலுக்குப் பூப் படம் அனுப்புவேன். அக்கா வேலைக்குப் போன நேரத்தில் மட்டும் துவக்கை வெளியே எடுத்துத் துடைத்தார். அவள் புடவைக்கடையில் வேலை செய்தாள், நேரத்துக்குப் போய் நேரத்துக்கு வருபவள்.

ஒரு நாள் அவளுடைய கடையில் மின்சாரம் போய், எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் லீவில் அக்கா வீட்டில் நின்றேன். அத்தான் துடைத்துக்கொண்டிருந்த துவக்கு மேசையில் துவாயின் மேல் கிடந்தது. கதவு திறந்து அக்கா உள்ளே வந்தாள். வாசலை நேராகப் பார்த்தபடி குழல் இருந்தது. கையிலிருந்த மரக்கறிப் பையை மெதுவாகக் கீழே வைத்தாள். தோள்பையைத் திறந்தாள். தன்னுடைய வதிவிட அட்டையை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து, மேசைப் பக்கம் நீட்டினாள். அப்படியே நின்றாள்.

“இஞ்சேரும்” என்றார் அத்தான். “இஞ்சேரும், நான். நான்தான் நிக்கிறன்.”

அக்கா கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள். அது எப்படி அங்கே வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. சிரிக்கப் பார்த்தாள். பிறகு குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள். வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் கதவைத் தட்டினேன், “வாறன், வாறன்” என்ற குரல் மட்டும் வந்தது. திரும்பினால், அத்தான் திருகாணிச் சாவியை எடுத்துச் சட்டத்தின் ஆணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். கழுத்து குனியாததால் துவக்கை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக் கழற்றினார். நான் பிடிக்கவா என்றேன். வேண்டாம் என்று தலையாட்ட முடியாமல் கையைக் காட்டினார்.

மறுநாளே சட்டத்தைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“நான் கழட்டச் சொன்னனானே?” என்று அக்கா அழுதாள். “நான் ஒண்டும் சொல்லேல்லையே.”

“உமக்காக இல்லையப்பா. அது எனக்குப் பாரம் கூட” என்றார் அவர்.

கழகத்துக்கு அதன் பிறகும் கொஞ்ச நாள் போனார். சுடவில்லை. மற்றவர்களுக்குக் கடதாசி மாற்றிக் கொடுப்பார், பின்னால் கதிரையில் இருந்து பார்ப்பார். பிறகு அதுவும் நின்றுபோயிற்று. யன்னலோரம் இருந்து கீழே தெரிகிற ரயில் தண்டவாளங்களைப் பார்த்தார். மரப்பிடித் துவக்கு அலுமாரிக்குள் இருந்தது. யாரையும் பயமுறுத்தாத, அவருக்கு உதவாத துவக்கு.

இந்த வருடம் கோடை தொடங்கும்போது அக்கா என் கந்தோருக்குப் போன் எடுத்தாள். “நீ அவரோடை போன கடைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போ. அவருக்குச் சொல்லாதை.” பொபினியிலிருக்கும் கந்தோரில் அரைநாள் லீவு போட்டு வந்தேன். கடைக்காரருக்கு என்னை ஞாபகம் இருந்தது. வேறு நிறத்தில் உண்டா என்று நான் கேட்டதும் அதே சட்டத்தைச் சிவப்பில் எடுத்துவந்து கண்ணாடி மேசையில் வைத்தார். விளையாட்டுச் சாமான் மாதிரி நல்ல சிவப்பு. நீலமும் எடுத்துத் தரலாம் என்றார். அக்கா குனிந்து பார்த்தாள். சேலைத் துணியின் தரம் பார்க்கிறவள்போல ஒரு விரலை நீட்டினாள். விரல் கைப்பிடிக்கு மேலே வந்து நின்றது. இன்னொரு தரம் நீட்டினாள். அவளுடைய மேலுதட்டில் வேர்த்திருந்தது. கடைக்காரர் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தார்.

“நிறம் இல்லையடி” என்றாள் அக்கா. “அந்தப் பிடிதான். என்ன செய்து பாத்தாலும் அந்தப் பிடிதான்.”

வெளியே வந்து ஒரு கட்டடத்தின் படியில் உட்கார்ந்தாள். நான் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். பழகப் பழகச் சரிவரும், டொக்டர் ஒருவரிடம் கதைத்துப் பார்க்கலாம் என்று ஏதேதோ சொன்னேன். அவள் எல்லாவற்றுக்கும் ஓம் என்றாள். பிறகு நாங்கள் வீட்டுக்கு நடந்தோம்.

அத்தான் கதவைத் திறந்தார். “எங்கை போனனீங்கள் ரெண்டு பேரும்?”

“ரூ பஜோலுக்கு. கோயிலுக்கு” என்றாள் அக்கா.

அவர் அவளுடைய நெற்றியைப் பார்த்தார். திருநீறு இல்லை. கையில் அர்ச்சனைத் தட்டும் இல்லை. என்னைப் பார்த்தார், நான் சப்பாத்தைக் கழற்றக் குனிந்துகொண்டேன்.

“சரி, இருங்கோ” என்றார் அத்தான். “தேத்தண்ணி போடுறன்.”