ஆறு மணிக்கு வந்த தாமரை

எனக்குப் பயம் அதிகம். காஸ் அடுப்பை மூடிவிட்டேனா என்று மூன்று முறை பார்ப்பேன். போனில் முன்பின் தெரியாத குரல் "சார்" என்று மரியாதையாக ஆரம்பித்தாலே வைத்துவிடுவேன். பணம் அனுப்பும் செயலி என் போனில் கிடையாது. பேசும் லிஃப்டில் ஏற மாட்டேன்; ஏறியவனிடம் அது எதற்குப் பேச வேண்டும்?

எழுபத்திரண்டு வயதில் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டதும் பயத்தினால்தான். இந்தக் கருவிகளுக்குள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பயம் பாதியாகும் என்று கணக்குப் போட்டேன். பையன் விட்டுப்போன லேப்டாப் இருந்தது. இணையத்தில் தமிழிலேயே இலவச வகுப்பு இருந்தது, நாற்பது பாடம். நான் செங்கல்பட்டில் ரயில்வே சரக்கு அலுவலகத்தில் வேலை பார்த்தவன். இன்றைக்கும் வீட்டுக்குப் பின்னால் கூட்ஸ் போனால் வேகன்களை எண்ணி முடித்த பிறகுதான் காப்பியைக் குடிப்பேன். அப்படிப்பட்டவனிடம் இரண்டாம் பாடத்திலேயே, இங்கே எண்ணிக்கை பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும் என்றார்கள். அன்று முழுவதும் எனக்கு மனசு சரியில்லை.

ஒரு அடைப்புக்குறியை மூட மறந்ததற்குத் திரையில் பதினோரு வரி சிவப்பில் வந்தது. நான் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

"இன்னா, வெடிக்கப் போவுதா?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"தெரியல."

"தெரியலன்னா வெளிய எடுத்துனு போய் வெச்சுக்கோ. இப்பத்தான் சுண்ணாம்பு அடிச்சிருக்கு."

ஆனாலும் விடவில்லை. ஆறு மாதத்தில் என் முதல் உருப்படியான புரோகிராமை எழுதினேன். முப்பத்துநான்கு வரி. தினமும் காலை ஆறு மணிக்கு அது தானே விழித்துக்கொண்டு, நான் சேர்த்து வைத்திருந்த அறுபது பூப்படங்களில் ஒன்றை எடுத்து, "இனிய காலை வணக்கம்" என்று ஓய்வுபெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பும். அந்தக் குழுவில் விடிந்தால் நாற்பத்தாறு பேரும் நாற்பத்தாறு பூ அனுப்புவார்கள். பனித்துளி தெளித்த ரோஜா, சூரியன் உதிக்கும் தாமரை. வெட்டி வேலை, போனில் இடத்தை அடைக்கிற குப்பை என்பது என் அபிப்பிராயம். குப்பையை மனிதன் கைப்பட ஏன் கொட்ட வேண்டும், மெஷின் கொட்டட்டும் என்றுதான் எழுதினேன். முதல் நாள் பக்கத்தில் நின்று பார்த்தபோது எழுத்துகள் தாமாக விழுந்தன. என் நாற்காலியில் கண்ணுக்குத் தெரியாத யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. நான் இரண்டடி பின்வாங்கினேன்.

இதைக் கேள்விப்பட்டு வந்தவன் என் பழைய அலுவலக நண்பன். எனக்கு அடுத்த மேஜை, என்னைவிட இரண்டு வயது இளையவன். மனைவி போன பிறகு மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்புக்குள் இருக்கும் அவன் வீட்டில் தனியாக இருந்தான். ஒரே மகள், பெங்களூருவில்.

"அண்ணாத்த, இத்த எனக்கும் போட்டுக் குடு."

"உனக்கு எதுக்குய்யா?"

"பொண்ணுக்குத்தான். ஆறு மணிக்கு வணக்கம் போவலன்னா ஆறேகாலுக்குப் போனு. அத்த எடுக்கலன்னா ரோட்டோரம் டீக்கடைக்காரனுக்குப் போனு. அவன் பாலை அடுப்புல வுட்டுட்டு ஓடியாந்து என் கதவ இடிக்கிறான். மனுசன் கொஞ்சம் தூங்கறதில்லையா?"

"அக்கறையில செய்யுது."

"அக்கறதான். யாரு இல்லன்னா? தூக்கம் போவுதே."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் எழுதிய ஒன்றை இன்னொருவன் வேண்டும் என்று கேட்கிறான். என் கம்ப்யூட்டர் திரையில் வந்த சதுரக் கட்டத்தை அவன் போனால் படம் பிடிக்கச் செய்து, அவன் கணக்கை என் கம்ப்யூட்டரோடு இணைத்தேன். ஆறு வரி கூடுதலாயிற்று. மறுநாளிலிருந்து அவன் பெயரில் ஒரு பூ அவன் மகளுக்கும் ஒரு பூ எனக்கும் என் மேஜையிலிருந்தே போயின. அவன் எட்டு மணி வரை தூங்கினான். டீக்கடைக்காரர் பால் பொங்காமல் பார்த்துக்கொண்டார்.

நவம்பர் வந்தது. நவம்பரில் பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும். மெஷினில் விரல் வைக்க வேண்டும், அல்லது முகத்தைக் காட்டிக் கண் சிமிட்ட வேண்டும். என் கைரேகை தேய்ந்துபோய் வருடா வருடம் நான்கைந்து தடவையாவது வைத்த பிறகுதான் நான் உயிரோடு இருப்பதை அது ஒப்புக்கொள்ளும். அந்த இடைவெளியில் எனக்கு வியர்த்துவிடும். சேர்ந்து போகலாம் என்று நண்பனைக் கூப்பிட்டேன். போன் அணைந்திருந்தது. இரண்டு நாளாக நல்ல மழை, கடலோரத்தில் கரண்ட் இருக்காது. காலையில் அவனிடமிருந்து தாமரை வந்திருந்ததால் நான் கவலைப்படவில்லை.

பத்து மணிக்கு அவன் மகள் கூப்பிட்டாள்.

"பெரியப்பா, அப்பா உங்ககிட்ட பேசினாரா? நேத்துலேர்ந்து போன் ஆஃப்லயே இருக்கு."

"நானும் போட்டேம்மா. கரண்ட் இல்லாம இருக்கும்."

"அப்படித்தான் நெனச்சேன். காலைல தாமரை அனுப்பியிருந்தாரு. அதனால பயமில்ல."

அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. போன் நேற்றிலிருந்து அணைந்திருக்கிறது. தாமரையை அனுப்பியது யார்? என் மேஜையிலிருந்து கிளம்பிய வணக்கம் என் சட்டைப் பைக்கே வந்து சேர்ந்திருக்கிறது. அதைப் பார்த்துத்தான் அவன் நன்றாக இருக்கிறான் என்று நானும் நம்பியிருக்கிறேன். எழுதியவனே நான்.

"அந்த டீக்கடைக்காரர்?" என்று கேட்டேன்.

"கேட்டேன் பெரியப்பா. மழைக்குக் கடை மூடிட்டு மதுராந்தகத்துல மாமியார் வீட்ல இருக்காராம். ஏன், எதுனா..."

"ஒண்ணுமில்ல. நான் ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வரேன்."

போனை வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். அவன் கணக்கில் மகள் எழுதியவை அப்படியே இருந்தன. நேற்று: "மழையாப்பா?" இன்று: "சாப்டியாப்பா?" இரண்டுக்கும் பதில் இல்லை. அவள் பக்கம் இரண்டு டிக் விழுந்திருக்கும், போய்ச் சேர்ந்தது என்று. சேர்ந்தது உண்மைதான், என் மேஜைக்கு.

மாமல்லபுரம் பஸ்ஸில் முன் சீட்டு கிடைத்தது. திருக்கழுக்குன்றத்தில் கோயிலுக்கு வந்தவர்கள் இறங்கி ஏறப் பஸ் நின்றுகொண்டே இருந்தது. என் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

"இன்னா பெர்சு," என்றார் கண்டக்டர், "டிரைவர வுட நீ ஜாஸ்தி ஆக்சிலேட்டர் மெறிக்கிற."

"கொஞ்சம் அவசரம்."

"அவசரம்னா நேத்தே கெளம்பியிருக்கணும்."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நேற்று கிளம்பியிருக்கலாம். நேற்றுக் காலையில் பூ வராமல் இருந்திருந்தால் அவள் கூப்பிட்டிருப்பாள், டீக்கடைக்காரர் மதுராந்தகத்திலிருந்தே யாரையாவது விரட்டியிருப்பார். பஸ் கிளம்பியது. மழைத்தண்ணீர் நிறைந்த வயல்கள் ஓடின. மின்கம்பங்களை எண்ணப் பார்த்தேன். பன்னிரண்டுக்கு மேல் எண்ண வரவில்லை.

மாமல்லபுரத்தில் ஆட்டோ பிடித்தேன். தோப்புக்குள் சவுக்கு இலைகள் ஈரமாக அப்பிக் கிடந்தன, மேலே கால் தடமே இல்லை. பட்டப்பகலில் அவன் வீட்டு வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அப்படியானால் கரண்ட் இருக்கிறது.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. கூப்பிட்டேன். ஆட்டோக்காரர் ஜன்னலைத் தட்டினார்.

"உள்ள யார்னா கீறாங்களா?"

அலைச் சத்தம்தான். நான் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். மகளிடம் என்ன சொல்வது என்று வாக்கியம் தேடினேன். அப்போது பின்பக்கமிருந்து டம்ளரால் தரையைத் தட்டும் சத்தம் வந்தது. நான்கு தட்டு. நின்றது. மறுபடியும் நான்கு.

பின்கதவு வெறுமனே சாத்தியிருந்தது. சமையலறைத் தரையில் சுவரோடு சாய்ந்து கிடந்தான். துணி துவைக்கும் கல்லருகே பாசி வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல், தவழ்ந்தே உள்ளே வந்திருக்கிறான். போன் பையிலிருந்து தண்ணீர்த் தொட்டிக்குள் போய்விட்டது. எட்டும் தூரத்தில் குடத்தில் தண்ணீர் இருந்ததால் பிழைத்தான். உதடு வெடித்திருந்தது.

"வந்துட்டியா அண்ணாத்த," என்றான். குரல் காற்றாக வந்தது.

"பேசாதய்யா."

"முந்தாநாள் சாயங்காலம் வுழுந்தேன். சரி, ராத்திரி தாங்கினா போதும், காலைல வணக்கம் போவாது, பொண்ணு ஊரக் கூட்டிரும்னு தைரியமா இருந்தேன். பொழுது விடிஞ்சிது. ஆறு ஆச்சு. ஏழாச்சு. யாரும் வரல. அப்பறந்தான் நெனப்பு வந்துது." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "நான்தான் ஆறு மணிக்கே குட்மார்னிங் சொல்லிட்டேனே."

சிரிக்கப் பார்த்தான். வலி விடவில்லை.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் வரும் வழியில் மகளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். இடுப்பெலும்பு என்று சொன்னேன், உயிருக்கு ஒன்றுமில்லை என்று சொன்னேன், பூ யார் அனுப்பியது என்றும் சொன்னேன்.

"எத்தனை நாளா பெரியப்பா?" என்றாள்.

எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் எண்ணுகிறவன் அல்லவா. "நாப்பத்தொண்ணு," என்றேன்.

"கொழந்தைக்குப் பல் மொளைச்ச படம் அனுப்பினேனே, அதுவும்?"

"அதுவும் வந்துச்சும்மா. அப்பா பார்த்திருப்பான்."

அவள் போனை வைத்தாள். ராத்திரி பஸ் பிடித்து வருவதாகப் பிறகு செய்தி வந்தது.

நான் வார்டில் அவன் பக்கத்திலேயே இருந்துவிட்டேன். விடியும் நேரத்தில் கண்ணயர்ந்திருக்கிறேன். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. நண்பனிடமிருந்து ஒரு தாமரை. இனிய காலை வணக்கம். கம்ப்யூட்டரை நிறுத்தும்படி மனைவியிடம் சொல்ல மறந்துவிட்டிருந்தேன்.

போனிலிருந்து கண்ணை எடுத்துக் கட்டிலைப் பார்த்தேன். வாய் திறந்தபடி அசையாமல் கிடந்தான். போர்வையையே பார்த்தேன். அது எழுந்தது. இறங்கியது. ஒன்று என்று எண்ணினேன். எண்ணிக்கொண்டே இருந்தேன். இருநூற்றுப் பதினாறில் அவன் கண்ணைத் திறந்தான்.

"இன்னா அண்ணாத்த, மொறைச்சினு கீற?"

"குட்மார்னிங் சொல்லு," என்றேன்.

"இன்னாது?"

"வாயால சொல்லுய்யா."

"காலங்காத்தால பேஜாரு," என்று முகத்தைச் சுளித்தான். பிறகு சொன்னான்.