காலால் பிறந்தவள்

கல்யாணமாகி வண்ணார்பேட்டைக்கு வந்த புதிதில் என் விடியற்காலைகள் எப்படி இருந்தன என்று யோசித்தால் முகங்கள் ஞாபகத்துக்கு வருவதில்லை. முதுகுகள்தான் வருகின்றன. ஈர பனியன் ஒட்டிய முதுகு, எலும்பு துருத்திய முதுகு, கட்டில் மாதிரி அகலமான முதுகு. பாதித் தூக்கத்தில் கதவைத் திறப்பேன். வாசலில் பழைய பாயை விரித்து யாராவது குப்புறப் படுத்திருப்பார்கள். இடது காலைத் தூக்கி அந்த முதுகில் மூன்று தடவை மெதுவாக மிதித்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய் மறுபடி படுத்துக்கொள்வேன்.

அது எங்கள் பக்கத்து வைத்தியம். முதுகிலோ இடுப்பிலோ பிடித்துக்கொண்டால், காலால் பிறந்தவர்களைத் தேடிப் போவார்கள். அதாவது தாயின் வயிற்றிலிருந்து தலைக்குப் பதில் கால் முன்னால் வந்து பிறந்தவர்கள். அவர்கள் மூன்று நாள், நாளைக்கு மூன்று மிதி மிதித்தால் பிடிப்பு விட்டுவிடும். மிதிக்கிறவர் தூங்கி எழுந்த வாக்கில் வர வேண்டும், பல் தேய்த்திருக்கக் கூடாது. மிதித்து முடிகிறவரை இரண்டு பேரும் பேசக் கூடாது. மூன்று நாள் முடியாமல் நடுவில் விட்டால் பிடிப்பு இறங்காது, இன்னும் மேலே ஏறும். பெரியவர்களை மிதிக்க நேர்ந்தால் குனிந்து அவர்கள் முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டால் பாவமில்லை.

இத்தனையும் எனக்கு அத்துப்படியாகத் தெரியும். ஏனென்றால் நான் பிறந்து வளர்ந்த ஏரலில் எங்கள் வீட்டில் காலால் பிறந்தவன் ஒருத்தன் இருந்தான். என் தம்பி. நான் எல்லாரையும் போலத் தலையால் பிறந்தவள்.

இப்போது இதை எழுதும்போது சிரிப்பாக இருக்கிறது. அப்போது சிரிப்பாக இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நாங்கள் இருந்தது ஒரு வளவு. ஒரே வாசலுக்குள் எதிரும் புதிருமாக எட்டு வீடுகள், நடுவில் ஒரு அடிபம்பு. என் கணவருக்கு மில்லில் வேலை, பெரும்பாலும் ராத்திரி ஷிப்ட். வீட்டில் நானும் அத்தையும்தான். அத்தை என்றால் என் மாமியார். தன் அண்ணன் மகளைத்தான் மகனுக்கு எடுக்க வேண்டும் என்று அவளுக்கு நெடுநாள் ஆசை. அது நடக்கவில்லை. அந்தக் குறையை என்னிடம் பேசாமல் தீர்த்துக்கொண்டாள். சண்டை கிடையாது, ஏச்சு கிடையாது. சோறு குழைந்திருந்தால் பானையைப் பார்த்துச் சொல்வாள். நான் வெளியே கிளம்பும்போது பல்லி சொன்னால், "பல்லி சொல்லுது, பைய போகச் சொல்லு" என்று சுவரிடம் சொல்லுவாள். வந்து இரண்டு மாதத்தில் எனக்கு என் குரலே மறந்துபோகும்போல இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ரெண்டாம் வீட்டு அக்கா குடத்தைத் தூக்குகையில் பிடித்துக்கொண்டு பம்படியில் அப்படியே நின்றுவிட்டாள். சுற்றி நின்ற பெண்கள், "காலால பொறந்தவுக யாராது இருக்காவளா?" என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டார்கள். யாரும் இல்லை. நான் ஓரமாக வாளியோடு நின்றிருந்தேன். எப்படி வந்தது என்று தெரியவில்லை, "நான் காலால பொறந்தவதான்" என்று என் வாய் சொல்லிவிட்டது. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அந்த வளவில் என்னை எல்லாரும் ஒன்றாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

மூன்றாம் நாள் அக்கா எழுந்து நடந்தாள். பிடிப்பு என்பது எப்படியும் மூன்று நாளில் தானாக விடக்கூடியது என்று எனக்கும் யாரும் சொல்லவில்லை, அவளுக்கும் யாரும் சொல்லவில்லை. அப்புறம் என்ன, பக்கத்துத் தெருவிலிருந்தெல்லாம் வர ஆரம்பித்தார்கள். லோடு ஏற்றுகிற அண்ணாச்சி, டவுண் பஸ் டிரைவர், தையல் மெஷினில் குனிந்தே கிடக்கிற ஒரு டீச்சரம்மா. காசு வாங்கக் கூடாது என்பதும் முறை. அதற்குப் பதில் சிரிப்பு கிடைத்தது, பம்பில் முதல் இடம் கிடைத்தது. பேர் கிடைத்தது, "காலால பொறந்த பிள்ளை" என்று.

அந்த நாட்களில் எனக்கு ஒரே கனவு திரும்பத் திரும்ப வரும். ஏரல் ஆற்று மணலில் நடந்துகொண்டிருப்பேன். தண்ணீர் தூரத்தில் வெள்ளையாகக் கிடக்கும், அக்கரை வாழைத்தோப்பு புகைமூட்டமாகத் தெரியும். கால் மணலில் புதையப் புதைய நடப்பேன். நடந்துகொண்டே இருக்கையில் மணல் கொஞ்சம் சூடாகும், கொஞ்சம் மூச்சு விடும். அப்போதுதான் தெரியும், நான் எழுந்து கதவைத் திறந்து யாரோ ஒருவர் முதுகில் கால் வைத்திருக்கிறேன் என்று. எது வரை கனவு, எது முதல் வாசல் என்று எனக்கு இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியாது. வாசல் தெளிக்கிற சத்தமும், ஆற்றுப் பக்கமிருந்து வருகிற ஈரக் காற்றும், முதல் பஸ்ஸின் ஹாரனும் எல்லாம் அந்த மணலுக்குள்ளேயேதான் கேட்கும்.

ஆனால் கால் சும்மா இருக்கவில்லை. அது பாட்டுக்குப் படித்துக்கொண்டிருந்தது. பிடித்த முதுகு எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. ஒரு இடத்தில் கயிறு முடிச்சுப் போட்ட மாதிரி இறுகியிருக்கும், அந்த இடம் மட்டும் சூடாக இருக்கும். மிதித்தால் ஆள் 'ஸ்' என்று மூச்சை இழுப்பார். பொய்க்காரியின் காலாக இருந்தாலும் கால் கால்தானே.

அத்தை மட்டும் என்னிடம் வந்ததில்லை. மருமகள் காலை மாமியார் முதுகில் வைப்பதா? அவளுக்கு எந்த வலி வந்தாலும் வாய்வுதான். பெருங்காயத்தைப் பொரித்து விழுங்குவாள், பூண்டைச் சுட்டுத் தின்பாள், உப்பும் மிளகாயும் எடுத்து தனக்குத் தானே சுற்றி அடுப்பில் போடுவாள். மிளகாய் நெடி வராவிட்டால் கண்ணேறு என்று முடிவு. நெடி வந்தால் வாய்வு. மூன்றாவதாக ஒரு வியாதி அவள் கணக்கில் கிடையாது.

ரெண்டாம் வருஷம் ஐப்பசி மழையில் அவளுக்கு முதுகில் வலி வந்தது. இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில். பெருங்காயம் கேட்கவில்லை, பூண்டு கேட்கவில்லை. நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவாள். என் கணவர் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார். "பிடிப்புக்கெல்லாம் எவனாவது ஆஸ்பத்திரிக்குப் போவானா" என்றாள். வளவுப் பெண்கள் எல்லாரும் கூடி, "வீட்டுலேயே வைத்தியத்த வச்சுக்கிட்டு ஏன் சித்தரவதப்படுதிய?" என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் ஒருநாள் விடியற்காலை நான் எழுந்தபோது அடுக்களை நிலைப்படி பக்கத்தில் பாய் விரித்திருந்தது. அத்தை குப்புறப் படுத்திருந்தாள்.

மணலிலிருந்து நேராக வந்து கால் வைத்தேன். உடனே விழிப்பு வந்துவிட்டது. முதுகு சூடாக இல்லை. முடிச்சும் இல்லை. ரவிக்கை நனைந்து சில்லென்று இருந்தது, அந்த மழைக் குளிரில் அத்தனை வியர்வை. மூன்று முறை பட்டும் படாமலும் வைத்து எடுத்தேன். குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கையெல்லாம் ஈரம்.

இரண்டாம் நாளும் அப்படியேதான். போதாததற்கு இடது கையைத் தூக்கவே சிரமப்பட்டாள். ஷிப்ட் முடிந்து வந்த கணவரிடம் சொன்னேன். அவர் அம்மாவிடம் சொன்னார். "நாளைக்கு மூணாம் நாளு. நடுவுல விட்டா மேல ஏறிரும். முடியட்டும், பொறவு பாப்போம்" என்றாள். அம்மா சொன்ன பிறகு அவருக்கு மறுபேச்சு கிடையாது. சாயங்காலம் மறுபடி மில்லுக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு எனக்குக் கனவு வரவில்லை. பயமாக இருந்தது. அந்த ஒரு நாள், என் பொய்யை நம்பி அவள் காத்திருக்கிற நாள். நிஜத்தைச் சொல்லிவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவாள் என்று தெரியும். சொன்னால் அப்புறம் அந்த வளவில் நான் யார் என்பதும் தெரியும். ஏற்கெனவே என்னோடு பேசாதவளுக்குப் பேசாமலிருக்க இனி நல்ல காரணமே கிடைத்துவிடும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், விடியும்வரை இரண்டையும் எடை போட்டுக்கொண்டுதான் கிடந்தேன்.

மூன்றாம் நாள் பாய் விரித்துப் படுத்தாள். படுக்கவே அவளுக்கு வெகு நேரம் பிடித்தது. நான் காலைத் தூக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். பேசக் கூடாத நேரத்தில் பேசினேன்.

"அத்தை, நான் காலால பொறந்தவ இல்ல."

கேட்கவில்லையோ என்று மறுபடி சொன்னேன். "என் தம்பிதான் காலால பொறந்தவன். நான் பொய் சொன்னேன். இது பிடிப்பும் இல்ல அத்தை. பிடிப்பு எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும். எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

வெளியே யாரோ பம்பு அடிக்கிற சத்தம் கேட்டது. அத்தை முகத்தை என் பக்கம் திருப்பினாள். அவள் கண்ணை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை. பிறகு வலது கையை நீட்டினாள்.

"கையப் புடி" என்றாள். சுவரிடம் இல்லை, என்னிடம்.

ரெண்டாம் வீட்டு அக்காவின் வீட்டுக்காரர் ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தார். ஆற்றுப் பாலத்தில் போகும்போது தண்ணீர் செம்மண் நிறத்தில் இரண்டு கரையும் தொட்டுப் போனது. அத்தை என் தோளில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். ஆட்டோ மழைக்குள் ஊர்ந்ததா பறந்ததா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஏரலில் என் அம்மா சொல்லிக்கொடுத்த சாமி பேரெல்லாம் சொன்னேன். வழியில் மூன்று பேராகப் போகக் கூடாது என்பார்களே, டிரைவரோடு நாங்கள் மூன்று பேர் என்று அப்போதுதான் உறைத்தது. அந்த நிலைமையிலும் அதற்கு ஒரு பயம் பயந்தேன்.

நெஞ்சில் வந்த அடைப்பு என்றார்கள். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார்கள். டாக்டர் கோபமாக, "இத்தன நாளா என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து அத்தை சொன்னாள்: "வாய்வுன்னு நான்தான் சொன்னேன். இவ கூட்டியாந்துட்டா."

பிழைத்து வந்தாள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை. மகனிடம் சொல்லவில்லை, வளவில் ஒரு உயிரிடமும் சொல்லவில்லை. பிடிப்பு என்று யாராவது வாசலுக்கு வந்தால் நான் என்ன சொல்வது என்று விழிப்பதற்குள், "அவளுக்கு இப்பம் முடியாது, வேற ஆளப் பாருங்க" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்துவிடுவாள். கொஞ்ச நாளில் வருவது நின்றுவிட்டது. வாசல் காலியாக இருந்தது. எனக்கும் அவளுக்கும் பேச்சு, மாத்திரை சாப்பிட்டாச்சா, உப்பு கம்மியா என்கிற அளவில் இருந்தது. அவள் என்னை மன்னித்தாளா என்று தெரியாமல் நான் தவித்த மாதங்கள் அவை.

பங்குனி வெயிலில் ஒருநாள் டாக்டர் சொன்னதையும் மீறி அவள் குடத்தைத் தூக்கிவிட்டாள். மறுநாள் விடியற்காலை நான் மணலில் நடந்துகொண்டிருக்கையில், "ஏட்டி" என்று ஒரு குரல் கேட்டது. எழுந்து வந்தேன். அடுக்களை நிலைப்படி பக்கத்தில் பாய். அத்தை குப்புறப் படுத்திருந்தாள். நான் மாத்திரை எடுக்க ஓடினேன்.

"நெஞ்சு இல்ல, இடுப்புதான். குடத்தத் தூக்கிட்டேன்" என்றாள். "வந்து மிதி."

"அத்தை, நான்தான் சொன்னேம்லா..."

"சொன்ன."

"தம்பிய வரச் சொல்லட்டுமா? அவன்தான் நெசமாவே..."

"அவன் கால் எனக்கு என்னத்துக்கு?" என்றாள் அத்தை, முகத்தைத் திருப்பாமலே. "நீ மிதி. பைய மிதி."

காலை வைத்தேன். இடுப்பில் ஒரு இடம் முடிச்சாக இறுகியிருந்தது, சூடாக இருந்தது. 'ஸ்' என்று மூச்சை இழுத்தாள். வாசலில் வெளுத்துக்கொண்டு வந்தது. "ஏரல்ல ஆத்துல தண்ணி கெடக்கா?" என்று கேட்டாள். என் ஊரைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அது. கெடக்கு அத்தை என்று சொல்லி, மணலைப் பற்றியும் அக்கரைத் தோப்பைப் பற்றியும் சொல்லிக்கொண்டே மிதித்தேன். நான் மூன்றோடு நிறுத்தவில்லை. அத்தையும் எண்ணவில்லை.