டிராக்டர் பேட்டரியில் பிழைத்த ரௌட்டர்

எதைக் கண்டாலும் கழற்றிப் பார்ப்பதால் எழில்மொழிக்கு வீட்டில் 'பிரிச்சுப்போட்டா' என்றே பெயர். பிளஸ் டூ முடித்தவள், அடிக்கடி நெட் அறுந்துபோகும் பழைய ரௌட்டரைப் பிடித்துக்கொண்டாள். கம்பெனியின் மென்பொருளை எடுத்துவிட்டு, வெளியாட்கள் இலவசமாக எழுதித் தருவதை ஏற்றினால் சரியாகுமென்று படித்திருந்தாள். அன்று மதியம் அண்ணி சாவித்திரிக்கு ஆன்லைன் இன்டர்வியூ. தேறினால் வீட்டிலிருந்தே வேலை.

காலையில் ஏற்றத் தொடங்கினாள். பாதியில் மும்முனை மின்சாரம் வந்தது. பம்புசெட்டுகள் எல்லாம் ஒன்றாக ஓட, வீட்டு லைட் மங்கியது, ரௌட்டர் பாதி மென்பொருளோடு அணைந்தது; பிறகு போட்டும் எரியவில்லை. உழவு நாளில் இது வாடிக்கைதான். அவசரத்தில் மறந்துவிட்டாள்.

"கொன்னுட்டியாடி?"

"மயக்கந்தான் அண்ணி. எழுப்பிடலாம்."

அதற்கு ஏறி இறங்காத கரண்ட் வேண்டும். அடாப்டரில் பன்னிரண்டு வோல்ட் என்றிருந்தது. வாசலில் டிராக்டர் உறுமியது.

"அப்பா, கிளம்பாதீங்க! பேட்டரி வேணும்!"

"சேத்துழவுக்குப் போறவன்கிட்ட கேக்கறதப் பாரு," என்றபடியே அரசப்பன் பேட்டரியைக் கழற்றிவந்தார்.

அடாப்டர் ஒயரை வெட்டிப் பேட்டரியில் இணைத்தாள். ரீசெட் பட்டனை அழுத்திக்கொண்டே, லேப்டாப்பிலிருந்து மென்பொருளை மறுபடி அனுப்பினாள். பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன.

இன்டர்வியூ முடியும்வரை அவள் யாரையும் பேட்டரியைத் தொடவிடவில்லை. நெட் ஒருமுறைகூட அறுந்துபோகவில்லை.

"திங்கக்கிழமையே சேரச் சொல்லிட்டாங்கடி!" என்று சாவித்திரி அவளைக் கட்டிக்கொண்டாள்.

"இப்பவாச்சும் பேட்டரியக் குடும்மா பிரிச்சுப்போட்டா," என்றார் அரசப்பன், "வயல்ல தண்ணி வத்துது."