தையல் இல்லாத வைத்தியம்

மைசூரை விட்டு ஸ்ரீரங்கப்பட்டணம் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். பூட்டை உடைத்ததற்காக அன்று மதியம்தான் மேஸ்திரி என்னை வேலையைவிட்டு நிறுத்தியிருந்தார். அதில் வருத்தமில்லை, எத்தனையோ இடங்களில் நிறுத்தியிருக்கிறார்கள். கோபம், கௌதள்ளி ஊர் அக்காவுக்கு நேர்ந்ததை நினைத்து. இன்றும் அது அடங்கவில்லை.

அக்கா எங்களோடு அடுக்குமாடிக் கட்டடத்தில் சித்தாளாக இருந்தார். சித்தாள் பெண்கள் வேலைக்கு வந்தபின் தண்ணீரைத் தொட மாட்டார்கள். ஒதுங்க இடம் கிடையாது. "குடிச்சுப்போட்டு எங்க போறது கண்ணு?" என்பார் அக்கா. வருடக்கணக்கில் அப்படித் தாகத்தை அடக்கியவருக்குச் சிறுநீரகத்தில் கல் வந்தது. ஆஸ்பத்திரியில் கத்தி வைக்கவில்லை. படுக்க வைத்து, உடம்புக்கு வெளியிலிருந்தே ஒலி அலையைச் செலுத்திக் கல்லை உடைத்தார்கள். உடைந்த துகள் சிறுநீரோடு வெளியேற வேண்டும், நிறையத் தண்ணீர் குடித்து ஓய்வெடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

நல்ல வைத்தியம்தான். ஆனால் எங்கள் வேலையில் ரத்தம் வராத நோய் நோயே இல்லை. சாரத்திலிருந்து விழுந்து காலில் கட்டுப் போட்டவனை மேஸ்திரியே வீட்டுக்கு அனுப்பி ஓய்வெடுக்கச் சொன்னார். அக்காவிடம், "தையல் எங்கம்மா? சத்தத்துல கல்லு உடையுமா? அப்ப நம்ம ஜல்லி உடைக்கவும் அந்த மிஷினையே கூட்டியாரலாமே! சும்னே நடிக்காம சட்டியத் தூக்கு" என்றார். எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்துக்கொண்டே சட்டியைத் தூக்கினார். தண்ணீரைத் தொடவில்லை.

நாங்கள் கட்டிய ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு குளியலறைகள். டைல்ஸ் ஒட்டி, குழாய் மாட்டி, கழிப்பறைப் பீங்கான் பதித்து, பூட்டியும் வைத்திருந்தார்கள். நாங்கள் போனால் அழுக்காகிவிடுமாம்.

ஒருநாள் அக்கா காய்ச்சலில் நடுங்கி மணல் குவியலருகே சுருண்டு விழுந்தார். உடைந்த துகள் சிறுநீர் வரும் வழியை அடைத்திருந்தது. இந்த முறை உள்ளே குழாய் வைத்துத்தான் சிறுநீரகத்தைக் காப்பாற்றினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கட்டடத்துக்கு வந்தேன். கடப்பாரையால் கீழ்வீட்டுக் குளியலறைப் பூட்டை உடைத்தேன். "போங்கக்கா" என்று மற்றப் பெண்களைக் கூப்பிட்டேன். ஒருவர்கூட அசையவில்லை. மேஸ்திரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மறுநாள் காலை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வெளியே கடைக்கட்டடம் ஒன்றில் வேலை கேட்டேன். அங்கேயும் சித்தாள்கள் பாதி டீயை மண்ணில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கக்கூஸ் எங்கே என்றேன்.

"ஆம்பளைக்கு எதுக்குப்பா கக்கூஸ்? இவ்வளவு வெளி கெடக்கே!" என்று சிரித்தார் அந்த மேஸ்திரி.

"எனக்கில்லீங்க" என்றேன்.

அஸ்திவாரத்துக்குக் கடைக்கால் தோண்டும் வேலை கிடைத்தது. மண்வெட்டியை வாங்கி நான் தோண்டிய முதல் குழி கடைக்காலுக்கு அல்ல.